சித்ர சந்தேவில் கடை போட வேண்டுமா? விண்ணப்பத்திலிருந்து விலைச் சீட்டு வரை

கேள்வி இது: "கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு வருடமாக நீர்வண்ணத்தில் கோயில் தெருக்களும் குளக்கரைகளும் வரைகிறேன், கொஞ்சம் அக்ரிலிக்கும் உண்டு. பெங்களூருவில் நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தேவில் கடை போட ஆசை. ஓவியக் கல்லூரியில் படிக்காதவரை எடுப்பார்களா? எப்படி விண்ணப்பிப்பது, எப்படிக் கொண்டுபோவது, என்ன விலை வைப்பது? விற்க மனசு வராத படம் ஒன்று இருக்கிறது, மகாமகக் குளப் படிகளில் மழை பெய்கிற படம். அதையும் வைக்கலாமா?"

மகாமகக் குளத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் படிப்பு விஷயம். கல்லூரிச் சான்றிதழ் இல்லாதவர்கள் அங்கே நிறையப் பேர். வங்கி வேலையில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மென்பொருள்காரர்கள், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் கடை போடுகிறார்கள். நானே ஓசூரில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு வரைந்தவன். ஆறு முறை விண்ணப்பித்தேன், நான்கு முறை இடம் கிடைத்தது. கிடைக்காத அந்த இரண்டு முறையில் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிலில் பாதி.

போகாதவர்களுக்காக இரண்டு வரி. சித்ர சந்தேயை நடத்துவது கர்நாடக சித்ரகலா பரிஷத். எம்.எஸ். நஞ்சுண்ட ராவ் 1960இல் தொடங்கிய நிறுவனம். ஜனவரியின் முதல் ஞாயிறை ஒட்டி ஒரே ஒரு நாள், பரிஷத் இருக்கும் குமாரகிருபா சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடைபாதை நெடுகப் படங்களை வைத்துவிடுவார்கள். கொரோனா காலத்தில் மட்டும் 2021இல் இணையவழியாகவும், 2022இல் மார்ச் கடைசிக்குத் தள்ளியும் நடந்தது. ஏறத்தாழ 1,500 ஓவியர்களுக்கு இடம். பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, கூட்டம் லட்சக்கணக்கில். விற்ற பணம் நேராக உங்கள் கைக்கே வருகிறது. கேலரியில் வைத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ அவர்களுக்குப் போய்விடும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் பரிஷத் அறிவிப்பு வெளியிடும். தீபாவளி முடிந்ததிலிருந்து அவர்கள் தளத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். கட்டணம், கடைசித் தேதி, மேசை தருவார்களா, எத்தனை அடி இடம் என்பதெல்லாம் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். போன வருடம் போன நண்பர் சொன்னார் என்று எதையும் நம்பாதீர்கள், மாறும். அடையாள அட்டை, புகைப்படம், உங்களைப் பற்றிய சில வரிகள், படைப்புகளின் படங்கள், இவ்வளவையும் முன்கூட்டியே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் ராத்திரி எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள், தளம் திணறும்.

உங்களைப் பற்றிய சில வரிகளில் "சிறு வயது முதலே கலையின் மீது தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நூற்றுக்கு எண்பது பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். "கும்பகோணத்தில் ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக இந்த ஊரின் தெருக்களையும் குளங்களையும் நீர்வண்ணத்தில் வரைந்துவருகிறேன்." போதும். படிக்கிறவர் அடுத்து உங்கள் படத்தைத்தான் பார்க்கப்போகிறார்.

அனுப்பிய படங்களில்தான் நான் இரண்டு முறை கோட்டை விட்டேன். முதல் தடவை என்னிடம் இருந்த எல்லா வித்தையையும் காட்டினேன். ஒரு குதிரை, ஒரு புத்தர், வண்ணக் கத்தியால் தீட்டிய ஒரு நிலக்காட்சி, என் மகளின் பென்சில் முகம். தேர்வுக் குழுவில் இருப்பவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள். நான்கு படமும் நான்கு பேர் போட்டதுபோல் இருந்தால் அவர் யாரைத் தேர்ந்தெடுப்பது? உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, தெருவும் குளமும் என்று ஒரு உலகம் கையில் இருக்கிறது. ஐந்து படம் கேட்டால் ஐந்தும் அங்கிருந்தே போகட்டும். அக்ரிலிக்கில் வேறு எதையாவது வரைந்திருந்தால் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று. ஒவ்வொரு ஆண்டும் சந்தேயை எதற்காவது அர்ப்பணிப்பார்கள். 2023இல் சிறுதானியம், 2024இல் இஸ்ரோ விஞ்ஞானிகள், 2025இல் பெண் குழந்தை. அதைப் பார்த்துவிட்டு அவசரமாக ஒரு ராக்கெட் வரைந்து அனுப்பியவர்களைத் தெரியும். வேண்டாம். உங்கள் தெருவில் ராக்கெட் இல்லை.

இரண்டாம் தடவை படங்கள் சரியாக இருந்தன, ஃபோட்டோ கெடுத்துவிட்டது. ஃபிரேம் போட்ட படத்தை ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தேன். கண்ணாடியில் டியூப்லைட்டும் என் நெற்றியும் தெரிந்தன. காகிதம் மஞ்சளாக விழுந்திருந்தது. நீர்வண்ணத்துக்கு வெள்ளை என்பதே காகிதம்தான், அது மஞ்சளானால் படமே போச்சு. இப்போது செய்வது இது: கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காலை ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடியில் நிழல் விழும் சுவரோரம் படத்தைச் செங்குத்தாக நிறுத்துகிறேன். போனை வயிற்றுக்கு நேராக அல்ல, படத்தின் நடுப்புள்ளிக்கு நேராகப் பிடிக்கிறேன். இரண்டடி பின்னால் போய் லேசாக ஜூம் செய்து எடுத்தால் ஓரங்கள் வளையாது. பிறகு விளிம்போடு வெட்டிவிட வேண்டும். சுவர், தரை, விரல் எதுவும் தெரியக்கூடாது. ஃபில்டர் போடாதீர்கள். கோப்புக்குப் பெயராக ஐஎம்ஜி 4471 என்று விட்டுவிடாமல் உங்கள் பெயர், படத்தின் பெயர், அளவு, நீர்வண்ணமா அக்ரிலிக்கா என்பது எல்லாம் வருகிற மாதிரி வையுங்கள்.

தேர்வானதும் செய்ய வேண்டிய முதல் வேலை ரயில் டிக்கெட். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. புத்தாண்டை ஒட்டிய வாரம் என்பதால் திறந்த உடனே தீர்ந்துவிடும். முடிவு வருவதற்கு முன்பே போட்டு வைத்தாலும் தப்பில்லை, ரத்துசெய்தால் கொஞ்சம்தான் நஷ்டம். உங்கள் ஊரிலிருந்து மைசூரு எக்ஸ்பிரஸ் நேராகவே போகிறது. ஞாயிறு காலை போய் இறங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சனிக்கிழமையே, பெங்களூரு ரயில் நிலையம் இருக்கும் மெஜஸ்டிக் பக்கம் அறை எடுத்துத் தங்குங்கள். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், மந்த்ரி ஸ்கொயர் சம்பிகே ரோடு. இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். ஆனால் சாலை மூடியிருக்கும், கடைசித் துண்டு நடைதான். சுமையை அந்த நடைக்குத் தகுந்தபடி கட்டுங்கள்.

வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேறு மாநிலத்துக்குப் பொருள் கொண்டுபோய் விற்றால் வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. 2018இல் வந்த அந்தப் பட்டியலில் கையால் தீட்டிய ஓவியங்களும் இருக்கின்றன, தஞ்சாவூர் ஓவியத்தையும் மைசூர் ஓவியத்தையும் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. ஆனால் பான் எண் வேண்டும், சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் அதைக் கொண்டுபோவதற்கான இணையச் சீட்டான இ-வே பில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தோளில் படப்பையோடு ரயிலேறும் ஓவியரை யாரும் நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. இருந்தாலும் தெரிந்த ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியை என்கிறீர்கள், அரசுப் பள்ளி என்றால் விற்பனைக்குத் துறை அனுமதி வேண்டுமா என்பதையும் தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

கட்டுவதில் நான் பட்ட பாடு. மூன்றாம் வருடம் ஆறு அக்ரிலிக் கேன்வாஸ்களை பபிள் ராப்பில் பத்திரமாகச் சுற்றி, பஸ்ஸின் அடிப்பெட்டியில் போட்டேன். எஞ்சின் பக்கம் போலிருக்கிறது, நல்ல சூடு. காலையில் பிரித்தால் வானம் முழுக்க அம்மை போட்டதுபோல் வட்ட வட்டமாகத் தடம். அக்ரிலிக் காய்ந்துவிட்டதாகத் தெரிந்தாலும் சூட்டில் இளகும், எது அழுத்துகிறதோ அதன் அச்சு பதிந்துவிடும். அன்று இரண்டு படத்தை வெளியே எடுக்கவே இல்லை. முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் அட்டை, பபிள் ராப் கடைசியில்தான், அதுவும் குமிழ் வெளிப்பக்கம் பார்த்தபடி. பெரிய கேன்வாஸைச் சட்டத்திலிருந்து பிரித்து உருட்டுவதானால் பெயிண்ட் வெளிப்புறம் வருகிற மாதிரி உருட்டுங்கள். உள்பக்கம் வைத்தால் பெயிண்ட் நசுங்கிச் சுருக்கம் விழும், விரிக்கும்போது வெடிக்கும். அகலமான பிவிசி குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி போட்டுவிட்டால் போதும்.

நீர்வண்ணத்துக்குக் கண்ணாடி ஃபிரேம் வேண்டவே வேண்டாம். கனம், உடையும், ரயிலில் தூக்கிக்கொண்டு திண்டாடுவீர்கள். படத்தைச் சுற்றி ஓரமாக வருகிற மவுண்ட் அட்டை வெட்டி, பின்னால் ஒரு கெட்டி அட்டை வைத்து, பளிச்சென்ற பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். வாங்குகிறவரும் மெட்ரோவில்தான் வீடு போகிறார், அவருக்கும் அதுதான் வசதி. இரண்டே இரண்டு படத்தை மட்டும், கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் ஷீட் என்கிற பிளாஸ்டிக் தகடு போட்டு ஃபிரேமில் வையுங்கள். சுவரில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் அது.

எத்தனை படம்? நாற்பது கொண்டுபோனவர்கள் நாற்பதையும் அடுக்கி, ஒன்றும் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு கண்ணுக்கு நேராக, மீதி ஒரு பெட்டியில் நிற்கட்டும், ஆர்வம் இருப்பவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். இடம் சின்னது என்றே நினைத்துக்கொண்டு போங்கள். படத்தை நிறுத்தும் மடக்குத் தாங்கி (ஈசல்) இரண்டு, நைலான் கயிறு, பைண்டர் கிளிப் ஒரு டப்பா, கத்தரி, பிரவுன் டேப், மேசைக்கு ஒற்றை நிற வேட்டியோ போர்வையோ, பெரிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று. ஷீட் மழைக்கு மட்டுமல்ல. ஜனவரியில் பெங்களூரில் விடிகாலைப் பனி இருக்கும், காகிதத்தைச் சீக்கிரம் விரித்தால் ஈரம் வாங்கி நெளியும். மரத்தடி கிடைத்தால் நிழல் உண்டு, காக்காயும் உண்டு. மதியத்துக்கு மேல் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காலையிலேயே பார்த்து, நல்ல படங்களை மறுபக்கம் மாட்டிவிடுங்கள்.

இப்போது விலை. எல்லோரும் தடுமாறும் இடம். தோன்றியதைச் சொல்லாமல் சதுர அங்குலக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 12க்கு 16 அங்குலம் என்றால் 192 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 15 ரூபாய் என்றால் 2,880, மவுண்ட்டும் கவரும் 250, ஆக 3,130. அதை 3,200 என்று வைக்கலாம். அந்த 15 எங்கிருந்து வந்தது என்றால், உங்கள் ஊரில் இதுவரை யாராவது காசு கொடுத்து வாங்கியிருப்பார்களே, அந்த விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சின்னப் படத்துக்கு அங்குல விலையைக் கொஞ்சம் கூட்டலாம், பெரியதற்குக் குறைக்கலாம். முக்கியம் என்னவென்றால், பக்கத்துப் பக்கத்தில் மாட்டிய ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை இருக்க வேண்டும். "இதுமட்டும் ஏன் அதிகம்?" என்று கேட்டால் "இது எனக்குப் பிடிக்கும்" என்பது பதிலாகாது.

சந்தேயில் நூறு ரூபாய்ப் படமும் உண்டு, லட்சத்தைத் தொடும் படமும் உண்டு. என் அனுபவத்தில் ஆயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குள் இருப்பதுதான் நகர்கிறது. முந்நூறு நானூறு ரூபாயில் கையகலப் படங்கள் ஒரு இருபது போட்டு வைத்தால் டீச் செலவிலிருந்து அறை வாடகை வரை அது கட்டிவிடும். ஆனால் அவையும் கையால் வரைந்தவையாக இருக்கட்டும். அச்சடித்த பிரதியை வைக்கலாமா என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், வைத்தால் "பிரதி" என்று சீட்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். ஒரிஜினல் என்று நினைத்து வாங்கியவர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

சின்னப் படம் விற்பது மட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள், மெழுகு வைத்துத் துணியில் சாயமேற்றும் பாத்திக்கும் கைவினையும் செய்து விற்ற காசில்தான் வீடு கட்டி, தங்களுக்குப் பிடித்ததை வரைந்தார்கள். நமக்கென்ன?

அன்றைய நாள் பற்றிக் கொஞ்சம். காலை பத்து மணிக்குள் வருகிறவர்கள்தான் வாங்குவதற்கென்று வருகிறவர்கள். சேகரிப்பவர்கள், வீட்டு உள்அலங்கார வேலை செய்பவர்கள், கூட்டத்துக்கு முன்னால் பார்த்துவிட்டுப் போக நினைப்பவர்கள். எட்டு மணிக்குக் கடை தயாராக இருக்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் வெள்ளம். மூன்று மணிக்குச் செல்ஃபிக் கூட்டம், அதில் யாரும் வாங்கமாட்டார்கள், கோபப்படாதீர்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் காலையில் பார்த்துவிட்டு யோசித்தவர்கள் திரும்பி வருவார்கள். காலையில் நீங்கள் சிரித்த முகமாகப் பேசியிருந்தால் கடையைத் தேடிப்பிடித்து வருவார்கள்.

தமிழே பாதி ஓடும். கன்னடம் தெரியாவிட்டாலும் மூன்று சொல் காதில் விழும்: "எஷ்டு?" என்றால் எவ்வளவு. "கம்மி மாடி" என்றால் குறையுங்கள். "நீவே பிடிசித்தா?" என்றால் நீங்களே வரைந்ததா. மூன்றாவதைக் கேட்கிறவரை விடாதீர்கள், அவர் படத்தைப் பார்த்துவிட்டார். குறைக்கச் சொன்னால் ஒரு படத்துக்குக் குறைக்காமல் இரண்டு எடுத்தால் குறைப்பதாகச் சொல்லுங்கள். இடையில் கூட்டம் இல்லாதபோது சும்மா உட்காராமல் வரையுங்கள். தூரிகை அசைந்தால் பத்துப் பேர் நிற்பார்கள்.

க்யூஆர் அட்டை வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மத்தியானம் அத்தனை பேர் ஒரே தெருவில் நிற்கும்போது நெட்வொர்க் படுத்துவிடும். "அனுப்பிட்டேன் மேடம், உங்களுக்கு வரும்" என்பார்கள். ஒரு வருடம் அப்படி 2,500 ரூபாய் இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறது. வேறு நிறுவனத்து சிம் போட்ட இன்னொரு போன், கொஞ்சம் சில்லறை, ஒரு பில் புத்தகம் எடுத்துப்போங்கள். தனியாகப் போகாதீர்கள். கழிப்பறைக்குப் போகவாவது கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால்? பார்வையாளராகப் போங்கள், ஒரு நாள் நடந்து பார்த்தால் இதில் நான் எழுதாததெல்லாம் தெரிந்துவிடும். மும்பையில் 1999இலிருந்து ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் ஒன்பது நாள் நடக்கும் காலா கோடா கலை விழாவுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒன்பது நாள் லீவும் மும்பையில் தங்கும் செலவும் யோசிக்க வேண்டியது. டெல்லி ஹாட் மாதிரி இடங்கள் கைவினைஞர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கானவை. தஞ்சாவூர் ஓவியம் செய்பவருக்கு அது சரி, உங்கள் நீர்வண்ணத்துக்குப் பொருந்தாது.

சரி, மகாமகக் குளம். விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் சேருங்கள். மனசு வராத படம் என்றால் உங்களிடம் இருப்பதிலேயே நல்லது அதுவாகத்தான் இருக்கும். கடையில் வைப்பது வேறு. "விற்பனைக்கு இல்லை" என்று சீட்டு ஒட்டினால் வருகிறவர்கள் எல்லோரும் அதையே கேட்டு, கிடைக்காது என்றதும் மற்றதைப் பார்க்காமல் போய்விடுவார்கள். நான் ஒரு தந்திரம் செய்தேன். தென்பெண்ணை ஆற்றங்கரைப் படம் ஒன்று, யாரும் வாங்கக்கூடாது என்று மற்றதைவிட நாலு மடங்கு விலை போட்டு நடுவில் மாட்டினேன். காலை ஒன்பதேகாலுக்கு ஒரு வயதான தம்பதி வந்து, பேரமே பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னிடம் அதன் ஃபோட்டோகூட ஒழுங்காக இல்லை. படத்தை விற்றாலும் பதிப்புரிமை நம்மிடம்தான் இருக்கிறது, பிரதி போட்டு விற்க உரிமை உண்டு. ஆனால் பிரதி எடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஆகவே கும்பகோணத்திலேயே பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில், குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அந்தப் படத்தை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்புறம் வைப்பதா வேண்டாமா என்று சனிக்கிழமை ராத்திரி முடிவு செய்துகொள்ளலாம்.